உலையின் காது

“எந்தக் காதுன்னு கேக்கறேன். உலைக்கு ஏதுங்காணும் காது? யார் சொன்னா உமக்கு?”

வேங்கடேசன் போட்ட சத்தத்தில் மாந்தோப்புக்குள் மேய்ந்துகொண்டிருந்த மயில்கள் இரண்டும் கரட்டுப் பக்கம் ஓடிவிட்டன. முப்பத்தாறு வருஷம் தபால் ஆபீஸ் கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்து, தந்தி வந்த வீட்டுக்காரர்களிடம் பேசுகிற குரலிலேயே உலகத்தோடு பேசிப் பழகியவர் அவர். அவருக்கு இப்படி ஒரு தொண்டை இருக்கிறது என்பது ஸ்ரீவில்லிபுத்தூர் மாட வீதியில் இருக்கும் அவர் மனைவி அரவிந்தவல்லிக்கே தெரிந்திருக்காது.

“சத்தம் போடாதிங்க சாமி. கண்ணு தெரியலன்னா கிட்ட வந்து பாருங்க. எழுதியே வச்சிருக்கேன்லா,” என்று பதிலுக்குச் சத்தம் போட்டார் தனுஷ்கோடி.

எழுதித்தான் வைத்திருந்தார். ராஜபாளையத்துக்கு மேற்கே அய்யனார் கோவில் போகிற வழியில் பிரிந்து, கண்ணுச்சாமியின் மாந்தோப்பைத் தாண்டினால் மலையோடு ஒட்டிக்கொண்டு சிட்டக்கரடு என்கிற சின்னக் குன்று நிற்கும். அதன் அடிவாரத்தில், இடுப்பளவுகூட இல்லாத ஒரு மண் வளையம். எந்தக் காலத்திலோ இரும்பு உருக்கிய உலை. அதன் முன்பக்கத் திறப்புக்கு மேலே சிவப்பு பெயிண்டில் ‘வாய்’ என்று எழுதியிருந்தது. காற்று ஊதிய மண்குழாய்க்குப் பக்கத்தில் ‘குழல்’. இடதுபுறம் ஓர் ஓட்டையைச் சுற்றி வெள்ளைச் சிமெண்டு பூசி, அம்புக்குறி போட்டு, ‘காது’. எழுத்தைக் குறை சொல்ல முடியாது. மில்லில் ‘அபாயம்’ எழுதிப் பழகிய கை.

உலையைச் சுற்றி இருபதடிக்குத் தரை வழித்துவிட்டாற்போல் கிடந்தது. ஒரு கல் இல்லை, ஒரு கரித்துண்டு இல்லை. மதுரையிலிருந்து வந்த தொல்லியல் துறை ஆய்வுக் குழுவின் அதிகாரியம்மா குடையை மடக்கியபடி இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, “சிட்டம் எங்க சார்?” என்று கேட்டதுதான் தொடக்கம். இரும்பு உருகும்போது வழிந்து இறுகிப்போகிற கழிவுக்குச் சிட்டம் என்று பெயர். கறுப்பாக, ஓட்டை ஓட்டையாக, கையில் எடுத்தால் கனக்கும். அது அங்கே ஆளுயரத்துக்கு மேடாகக் குவிந்து கிடந்ததால்தான் கரட்டுக்கே சிட்டக்கரடு என்று பெயர். இப்போது பெயர் மட்டும் இருந்தது.

தனுஷ்கோடி ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஃபிட்டர். ஜெயபாயைக் கல்யாணம் செய்துகொள்வதற்காக ஞானஸ்நானம் வாங்கிச் சபைப் பதிவேட்டில் டேனியல் ஆனவர்; ரேஷன் கார்டுக்கும் மில்லுக்கும் தெருவுக்கும் தனுஷ்கோடிதான். ஞாயிற்றுக்கிழமை மனைவியும் மகள் பியூலாவும் வேதப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஆலயத்துக்குக் கிளம்பினால், டேனியல் சுத்தியலும் சாக்குப்பையும் எடுத்துக்கொண்டு கரட்டுக்குக் கிளம்புவார். பதினோரு வருஷம் ஒரு வாரம் தவறவில்லை. கர்த்தரைத் தேட வேண்டிய நேரத்தில் கல்லைத் தேடுகிறான் என்று ஜெயபாயின் அண்ணன் சொன்னது தெரு முழுக்கப் பரவி, பிறகு சுருங்கி, கடைசியில் ‘சிட்டம்’ என்ற பட்டப்பெயராக நின்றது. டீக்கடையில், “சிட்டம் வாரான், பெஞ்சைத் தொடைங்கலே” என்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டே உட்காருவார். உள்ளே அந்தச் சிரிப்பு இல்லை.

கண்ணுச்சாமியின் மோட்டாரைச் சரிபண்ணப் போன இடத்தில்தான் முதல் கல் அவர் காலில் இடித்தது. அதற்குள் இருபது வருஷம் இரும்போடு புழங்கியிருந்த கைக்கு அதன் கனம் உடனே பிடிபட்டது. அடுத்த வாரமே மில்லிலிருந்து ஒரு காந்தத்தைக் கொண்டுபோய், சரிவில் புதருக்குள் மறைந்து கிடந்த பதினான்கு குழிகளையும் கண்டுபிடித்தார். ஒரு ஆள் குனிந்து இறங்கலாம். உள்ளே செங்கறுப்புக் கல்; காந்தத்தைக் காட்டினால் கவ்விக்கொண்டது. தோண்டியது இங்கே, உருக்கியது கீழே. யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவரே கோத்தெடுத்தது இது.

அவருக்கு இதில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. மில்லில் மெஷின் ஓடினால் மானேஜருக்குப் பேர், நின்றால் தனுஷ்கோடிக்குப் பேர். அப்படி முப்பது வருஷம் ஓட்டியாகிவிட்டது. ரிட்டையர் ஆவதற்குள், அரசாங்கத் தாளில், அரசாங்கத் தமிழில், ‘கண்டறிந்தவர்: சு. தனுஷ்கோடி’ என்று ஒரு வரி வர வேண்டும். அதை லேமினேஷன் செய்து எந்தச் சுவரில் மாட்டுவது என்பது வரைக்கும் முடிவு செய்து வைத்திருந்தார். ஜெயபாய் அந்தச் சுவரில் காலண்டர் மாட்டினால்கூடச் சண்டைக்கு வருவார்.

கல்வெட்டு, செப்பேடு என்று சிறு பத்திரிகைகளில் எழுதிக்கொண்டிருந்த வேங்கடேசனிடம் மூன்று கல்லைச் சாப்பாட்டுக் கூடையில் வைத்து எடுத்துப்போனதும் அந்த வரிக்காகத்தான். வேங்கடேசன் நல்ல மனுஷன். முழங்கால் வலி, அதனால் கரட்டுக்கு வந்ததே இரண்டு தடவை. மற்றபடி தனுஷ்கோடி எடுத்த போட்டோக்களை வைத்தே துறைக்கு மனு எழுதினார். மனுவில் இருவர் பெயரும் இருந்தது. முகவரி மட்டும் தனுஷ்கோடியின் வீட்டு முகவரியாக இருக்க வேண்டும் என்று தனுஷ்கோடி பிடிவாதம் பிடித்தார். தபால்காரர் தன் வாசலில் நின்று கூப்பிட வேண்டுமாம்.

அதற்குள் வேங்கடேசன் ஒரு கட்டுரையும் எழுதி ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார். முதல் பக்கத்தில், தலைப்புக்குக் கீழே ‘வேங்கடேசன்’. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ‘உதவி: தனுஷ்கோடி’. உதவி என்ற சொல்லைப் பார்த்ததும் தனுஷ்கோடிக்கு இரண்டாம் பக்கத்தைத் திருப்பக் கை வரவில்லை. திருப்பியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இரண்டாம் பக்கத்திலிருந்து ஐந்தாம் பக்கம் வரை சிட்ட மேட்டைப் பற்றித்தான் எழுதியிருந்தது.

ஆகவே துறையிலிருந்து கடிதம் வந்தபோது, அதை வேங்கடேசனுக்குக் காட்டுவதில்லை என்று தனுஷ்கோடி தீர்மானித்தார். வருகிற தேதியை மட்டும் போனில் சொன்னார். கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர் கேட்டதற்கு, “வாராகளாம் சாமி, அம்புட்டுதான்” என்று முடித்துக்கொண்டார்.

கடிதத்தை அவர் வீட்டு முற்றத்தில் நின்றுகொண்டு சத்தமாக வாசித்தார். ஜெயபாய் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். பியூலா பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். ஒரு தனியார் பள்ளியில் தமிழ் டீச்சர், எம்.ஏ., பி.எட். குழாயடிச் சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுக் கருத்தம்மா நின்றாள் என்பதும் பிற்பாடு தெரியவந்தது. அவள் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் நிற்காத நேரம் எது என்று கேட்டால்தான் யோசிக்க வேண்டும்.

பக்கத்தின் இரண்டு ஓரமும் நூல் பிடித்தாற்போல் நிற்க வேண்டும் என்று யாரோ அக்கறையாக அடித்த கடிதம் அது. வரி தீர்ந்த இடத்தில் சொல்லும் தீர்ந்தது. மூன்றாவது பத்தியில், ‘ஆய்வுக் குழு வருவதற்கு முன் உலையைச் சுற்றியுள்ள கசடுகளை அகற்றலா’ என்று ஒரு வரி முடிந்தது. அடுத்த வரி, ‘காது, வாய், குழல் முதலிய உலைப் பகுதிகள் சேதமுறாமல் பாதுகாக்கப்பட வேண்டும்’ என்று இருந்தது.

தனுஷ்கோடி ‘அகற்றலாம்’ என்று வாசித்து நிறுத்தினார். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, ‘காது, வாய், குழல்’ என்று தொடர்ந்தார். இதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. மில்லுக்கு இன்ஸ்பெக்‌ஷன் வருகிறது என்றால் முதல் வேலை என்ன? மெஷினைச் சுற்றிப் பறந்து கிடக்கிற கழிவுப் பஞ்சை வாரி, தரையைத் துடைத்து, பாகத்துக்குப் பாகம் பெயர் எழுதி வைப்பது. கழிவோடு மெஷினைக் காட்டினால் மெமோ வரும். அரசாங்கமும் அதைத்தானே சொல்கிறது.

“அப்பா, ‘ம்’ இல்லையே அங்க,” என்றாள் பியூலா. எழுந்து வந்து அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். “வரி ஒடஞ்சிருக்குப்பா. ரெண்டையும் சேத்து வாசிங்க, அகற்றலா…”

“ஒன் வாத்திச்சி வேலய பள்ளிக்கூடத்தோட வச்சிக்கிடு. டைப் அடிக்கவன் ஒரு எழுத்த முழுங்கிட்டான். அதுக்கு என்ன இப்ப?” என்று கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கண்டறிந்தவர் அவரா, அவளா? பியூலாவுக்கு நாற்பது தாள் மிச்சம் இருந்தது. அவளும் விட்டுவிட்டாள்.

கசட்டை அகற்ற ஆள் தேட வேண்டிய சிரமமும் இருக்கவில்லை. தோப்புக்காரர் கண்ணுச்சாமி தானாக ஜேசிபி கொண்டுவந்தார். இலவசமாக. இடம் பாதுகாக்கப்பட்டதாக அறிவித்துவிட்டால் பக்கத்தில் போர் போட விடமாட்டார்கள், மண் எடுக்க விடமாட்டார்கள் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். அது தெரிந்த கண்ணுச்சாமி ஏன் இப்படி ஓடியாடி உதவுகிறார் என்று தனுஷ்கோடிக்கு மட்டும் தோன்றவில்லை. அவருக்கு ‘காது’ எது என்று கண்டுபிடிப்பதிலேயே இரண்டு நாள் போனது. ஊசிக்குக் காது உண்டு, கோடாலிக்குக் காது உண்டு, உலைக்கும் இருக்கத்தானே வேண்டும் என்று தேடி, கடைசியில் எலி போட்டதோ மழை போட்டதோ தெரியாத ஓர் ஓட்டையைத் தேர்ந்தெடுத்துச் சிமெண்டு வைத்துக் காப்பாற்றினார். சிட்டம் ஒன்பது டிராக்டர் லோடு வந்தது. மழைக்குச் சேறாகிற தோப்புப் பாதையில் அதைக் கொட்டி, நிரவி, ஜேசிபியை மேலேயே இரண்டு தடவை ஓட்டி இறுக்கிவிட்டார் கண்ணுச்சாமி.

அந்தப் பாதை வழியாகத்தான் அன்று காலை ஆய்வுக் குழுவின் ஜீப் ஏறி வந்தது.

“அப்ப நாங்க அது மேலயா வந்தோம்?” என்றார் அதிகாரியம்மா. கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தனுஷ்கோடிக்குப் பதில் சொல்ல வந்திருக்கும். அந்த அம்மாள் பாவம், பாடம் நடத்துவது போல விளக்கினார்: மேட்டை அடுக்கடுக்காக வெட்டிப் பார்க்க வேண்டும், எந்த அடுக்கில் எந்தக் கரி கிடக்கிறதோ அதை வைத்துத்தான் எத்தனை நூறு வருஷம் என்று சொல்ல முடியும். குழியை எந்தக் காலத்திலும் யாரும் தோண்டியிருக்கலாம். மண் வளையத்தைச் சுண்ணாம்புக் காளவாய் என்றுகூட ஒருவர் சொல்லிவிட்டுப் போகலாம். “அடுப்பக் கழுவித் தொடச்சு வச்சிருக்கீங்க. சமைச்சது எதுன்னு எதை வச்சுச் சொல்றது?”

வீட்டில் இரண்டு கல் இருக்கிறது, எடுத்துவரட்டுமா என்று தனுஷ்கோடி கேட்டார். இடத்தை விட்டுப் பெயர்ந்த கல் சாட்சி சொல்லாது என்றார் அந்த அம்மாள்.

அப்போதுதான் வேங்கடேசன் காதைப் பார்த்தார். சத்தம் போட்டார். அம்புக்குறியைக் காட்டிக் காட்டித் தனுஷ்கோடியும் போட்டார். கடைசியில் வேங்கடேசன் கையை நீட்டி, சட்டைப் பையிலிருந்த கடிதத்தை உருவினார். மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு மூன்றாவது பத்தியைப் படித்தார். ஒரு வரியின் கடைசியில் விரலை வைத்து, அடுத்த வரியின் முதலுக்கு இழுத்தார்.

“அகற்றலாகாது,” என்றார். குரல் மறுபடி தபால் ஆபீஸ் குரலாகியிருந்தது. “அகற்றலாகாது, தனுஷ்கோடி. கூடாதுன்னு அர்த்தம். இதுல எங்க இருக்கு காது?”

யாரோ சிரித்தார்கள். ஜேசிபி டிரைவராக இருக்கலாம். கண்ணுச்சாமி மாமரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார், காய்ப்பு எப்படி என்று பார்க்கிறவர் போல. உள்ளூர் நிருபர் ஒருவர் செல்போனில் காதைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். ஜெயபாய் காலையில் போட்டுக் கொடுத்தனுப்பிய காப்பியைப் பிளாஸ்கிலிருந்து பேப்பர் கப்பில் ஊற்றி நீட்டியபடி, லீவு போட்டுவிட்டு வந்திருந்த பியூலா நின்றாள். எல்லோரும் தனுஷ்கோடியையே பார்த்தார்கள். சிட்டம் என்று சிரிக்கிற தெரு முழுவதும் அங்கே நின்று பார்ப்பது போல அவருக்கு இருந்தது. பதினோரு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளும் கால் வழியாக இறங்கிப் போய்விட்டன.

“எனக்கு என்ன சாமி தெரியும், நான் மில்லுக்காரன்,” என்றார். “எம்மவதான் வாசிச்சா. தமிழ் டீச்சரு. அகற்றலாம்னு அவ சொல்லித்தான் நான் செஞ்சேன்.”

சொல்வதற்கு முன் அவர் யோசித்தார் என்று சொல்ல முடியாது. யோசிக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. ‘தமிழ் டீச்சரு’ என்று சேர்த்துச் சொல்கிற அளவுக்கு யோசித்திருக்கிறார்.

பியூலா அவரைப் பார்த்தாள். பிறகு காப்பிக் கப்புகளை ஒவ்வொன்றாக அதிகாரிகள் கையில் கொடுத்தாள். பிளாஸ்கை மூடி மரத்தடியில் வைத்தாள். ஒன்பது லோடு சிட்டத்தின் மேல் நடந்து மெயின் ரோட்டுக்குப் போய் பஸ் ஏறினாள். அப்பன் மானத்தை நாலு பேர் முன்னால் வாங்க வேண்டாம், வீட்டுக்கு வந்து அவரே திருத்திச் சொல்லிவிடுவார் என்று அவள் நினைத்ததாக ஜெயபாய் பிறகு சொன்னாள்.

ஜெயபாய்க்கு விஷயம் அன்று சாயங்காலமே தெரிந்துவிட்டது. கருத்தம்மா இருக்கையில் தெரியாமல் எப்படிப் போகும். தனுஷ்கோடிக்குச் சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து, நாளைக்குக் காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போய், வாசித்தது நான்தான் என்று சொல்லிவிட்டு வாரும் என்றாள். ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் போய் வேங்கடேசனிடம் சொல்கிறேன் என்றார் அவர். ஞாயிறு வந்தது, போனது. பத்திரிகையில் செய்தி அதற்கு முன்பே வந்துவிட்டது: ‘தமிழாசிரியை செய்த தவறு, தொல்லியல் தடயம் பாழ்’. பெயர் போடவில்லை. ராஜபாளையத்தில் அப்பன் சிட்டக்கரட்டில் கல் பொறுக்குகிற தமிழாசிரியை எத்தனை பேர் இருப்பார்கள்.

பள்ளிக்கூடத்தில் பியூலாவிடம் யாரும் நேராகக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பாள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் கரும்பலகையில் பெரிய காது ஒன்று வரைந்து அம்புக்குறி போட்டு வைத்தார்கள். பெற்றோர் கூட்டத்தில் ஒருவர், எங்கள் பையனுக்குப் புணர்ச்சி விதி யார் நடத்துகிறார்கள் என்று ரொம்பப் பணிவாக விசாரித்தார். பத்தாம் வகுப்பை அவளிடமிருந்து எடுத்து வேறொருவரிடம் கொடுத்தார்கள். ‘வேலைப்பளு குறைப்பு’ என்று காரணம் எழுதினார்கள்.

கருத்தம்மா நினைத்திருந்தால் ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். முற்றத்தில் யார் வாசித்தார், யார் தடுத்தார் என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து முழுவதும் கேட்டவள் அவள். ஆனால் கிழவன் தப்பாக வாசித்தான் என்பதில் என்ன ருசி இருக்கிறது? எம்.ஏ. படித்த தமிழ் டீச்சர் தமிழைத் தப்பாக வாசித்தாள் என்பதில்தான் ருசி. அவள் பொய் சொல்லவில்லை, அது வேறு விஷயம். யாராவது கேட்டால், “நமக்கெதுக்கு அடுத்த வீட்டு வெவகாரம்” என்று வாழ்க்கையிலேயே முதல் தடவையாகச் சொன்னாள்.

இரண்டு மாதம் கழித்து ஒருநாள், ஜெயபாய் அடுப்பு பற்றவைக்க மறுத்ததால், தனுஷ்கோடி பள்ளிக்கூடத்துக்குப் போகத்தான் செய்தார். வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு போனார். வழியெல்லாம் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். கேட்டில் வாட்ச்மேன் யார் என்று கேட்டான்.

“பியூலா டீச்சரோட அப்பா.”

“ஓ, காது டீச்சர் அப்பாவா,” என்றான் அவன், கள்ளமில்லாமல், அதுதான் அவள் பெயர் என்பது போல.

தனுஷ்கோடி சிரித்தார். டீக்கடையில் இத்தனை வருஷம் சிரித்துப் பழகிய அதே சிரிப்பு, தானாக வந்துவிட்டது. சிரித்துவிட்ட பிறகு உள்ளே போய் என்ன சொல்வது? சும்மா இந்தப் பக்கம் வந்தேன் என்று சொல்லிவிட்டு, எதிரே ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பினார். வீட்டில், கரஸ்பாண்டென்ட் ஊரில் இல்லை என்றார். ஜெயபாய் நம்பவில்லை. ஆனாலும் அடுப்பைப் பற்றவைத்தாள். பியூலாவுக்குப் பசிக்குமே.

அறிக்கை ஆறு மாதம் கழித்து வந்தது. பழுப்பு உறை, தபால்காரர் வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார். தனுஷ்கோடி கையெழுத்துப் போட்டு வாங்கினார். பிரிக்காமல் செத்த நேரம் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒருவேளை நல்லபடியாக ஏதாவது எழுதியிருக்கலாம். குழிகளைப் பற்றி, காந்தத்தைப் பற்றி. அந்த அம்மாள் நல்ல மாதிரிதானே. இப்படியே இருட்டும்வரை வைத்திருந்திருப்பார். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பியூலா, பையைக்கூட இறக்கி வைக்காமல், உறையை அவர் மடியிலிருந்து எடுத்துக் கிழித்தாள். நின்றபடியே வாசித்தாள். வகுப்பில் வாசிப்பது போல, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, அழுத்த வேண்டிய இடத்தில் அழுத்தி வாசித்தாள்.

“மேற்படி இடத்தில் இருந்த இரும்புக் கசட்டுக் குவியல், ஆய்வுக்கு முன்னரே திரு. சு. தனுஷ்கோடி என்பவரால் அப்புறப்படுத்தப்பட்டுவிட்டதால், அவ்விடத்தின் தன்மை குறித்தோ காலம் குறித்தோ எம்முடிவுக்கும் வர இயலவில்லை. எனவே மேல்நடவடிக்கை தேவையற்றதெனப் பரிந்துரைக்கப்படுகிறது.”

அவர் பெயர் அதில் அந்த ஒரு இடத்தில்தான் இருந்தது. மகள் வாசித்ததாக அங்கே பத்துப் பேர் முன்னால் சொன்ன பேச்சு எதுவும் அதில் இல்லை. அரசாங்கம் அதையெல்லாம் எழுதிக்கொள்வதில்லை. அவளைப் பலி கொடுத்தும் அவர் தப்பவில்லை என்பது, அவள் வாசித்து முடித்துத் தாளை மடிக்கும்போதுதான் அவருக்கு உறைத்தது.

“பாப்பா…” என்றார்.

“இதையும் நாந்தான் தப்பா வாசிச்சேன்னு வெளிய சொல்லிக்கிடுங்க,” என்று தாளை அவர் மடியிலேயே வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அவர் மறுநாள் சொல்லத்தான் செய்தார். டீக்கடையில், எல்லோரும் இருக்கையில், வாசித்தது நான்தான், அந்தப் பிள்ளை அப்போதே தடுத்தது என்று சொன்னார். ஒருவரும் நம்பவில்லை. பெத்த பாசம், மகளைக் காப்பாற்றப் பழியைத் தன் மேல் போட்டுக்கொள்கிறான், எப்பேர்ப்பட்ட தகப்பன் என்று ஒருவர் கண் கலங்கி டீக்குக் காசு கொடுத்தார். பதினோரு வருஷத்தில் தெரு அவரை மதித்தது அன்று ஒருநாள்தான். அவரும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை.

பியூலா அந்த வருஷக் கடைசியில் வேலையை விட்டாள். தைமாதம் விமலோடு கல்யாணம். ஓசூரில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர், சொந்த ஊர் சுந்தரபாண்டியம் பக்கம். பெண் பார்க்க வந்தபோது, தமிழ் டீச்சராமே என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டதற்கு, இனிமேல் இல்லை என்று அவளே பதில் சொன்னாள். ஆலயத்தில் தகப்பன் கையைப் பிடித்து நடக்க வேண்டிய இடத்தில் தாய்மாமன் கையைப் பிடித்து நடந்தாள். தனுஷ்கோடிக்கு மூட்டுவலி என்று வந்தவர்களிடம் சொல்லப்பட்டது. இப்போது ஓசூரில் ஒரு கார்மெண்ட்ஸ் ஆபீசில் கணினியில் ஏதோ வேலை பார்க்கிறாள்.

வேங்கடேசன் வீட்டைப் பூட்டிவிட்டு அரவிந்தவல்லியோடு பெங்களூரில் மகன் நாராயண் வீட்டுக்குப் போய்விட்டார். பழைய போட்டோக்களை வைத்துக் கட்டுரையை அங்கிருந்தே வெளியிட்டார் என்றும், அதில் உதவி என்ற வரியே இல்லை என்றும் கேள்வி. கண்ணுச்சாமி கரட்டடியில் இரண்டு போர் போட்டார்; இரண்டிலும் தண்ணீர். கருத்தம்மா மகனோடு கிருஷ்ணன்கோவிலுக்குக் குடிபோய், காலேஜ் பிள்ளைகளுக்கு மெஸ் நடத்துகிறாள். அந்தக் குழாயடிச் சுவருக்கு இப்போது இரண்டு பக்கமும் அமைதிதான்.

ஜெயபாய் பியூலாவின் பிரசவத்துக்கென்று ஓசூர் போனாள். பேரனுக்கு ஒன்றரை வயசாகிறது. போன மாதம் அங்கிருந்து குருவானவருக்கு எழுதி, தன் பெயரை மட்டும் ராஜபாளையம் சபைப் பதிவேட்டிலிருந்து ஓசூர் சபைக்கு மாற்றிக் கடிதம் வாங்கிக்கொண்டாள்.